'மாசோக்' என்றால் பொருந்திவிட்டதா?

எங்கள் வீட்டில் 1997-ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா ஒன்று இருக்கிறது. அப்பா அதைப் பழைய காராகத்தான் வாங்கினார். அம்மா மெர்லிமாவுக்கு வேலைக்குப் போவதும், தங்கை டியூஷனுக்குப் போவதும், தீபாவளிக்கு மூவாரில் துணி எடுக்கப் போவதும் அதில்தான். சுங்கை ரம்பாய் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பஸ்ஸை நம்பி இங்கே ஒரு குடும்பம் நடத்த முடியாது. கார் இல்லாத வீடு கை கட்டிய வீடு.

எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில் நான் ஓர் எண்ணெய் நிலையத்தில் வேலை செய்தேன். சேர்ந்த பணத்தில் நான் முதலில் வாங்கியது ஒரு செட் ரிம். பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் ஒரு கடையில், ஹோண்டா சிட்டியிலிருந்து கழற்றிய நான்கு 15 அங்குல ரிம்கள், மேலே 195/55 டயரோடு, 600 வெள்ளி. வீராவில் இருந்ததோ 13 அங்குல இரும்பு ரிம், 175/70 டயர். கடைக்காரர் ஒரு ரிம்மை எடுத்து முன்சக்கரத்தில் வைத்துப் பார்த்தார். நான்கு துளையும் நான்கு போல்ட்டில் நுழைந்தது. "போலே மாசோக், தம்பி. நாலு லோபாங்கும் சமம்தான்" என்றார். அந்த ஒரு 'மாசோக்'கில் என் மனம் நிறைந்துவிட்டது.

இந்தக் கட்டுரையே அந்தச் சொல்லைப் பற்றியதுதான்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய காருக்கு அகலமான ரிம் போடும் இளைஞனைக் கண்டால் நம் பெரியவர்கள் "ஊதாரி", "சாலைக் குண்டர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். பேச்சுப் போட்டி மேடையிலும் மாணவர்களே அதைத் திருப்பிச் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. புதுக் காருக்கு மாதத் தவணை கட்ட முடியாத குடும்பத்துப் பையன், இருக்கிற காரைக் கொஞ்சம் பார்க்கும்படி ஆக்க நினைப்பது குற்றமல்ல. அதே வீராவின் உயர்ந்த ரகங்களுக்குத் தொழிற்சாலையே 14 அங்குல ரிம் போட்டு அனுப்பியிருக்கிறது. 13 அங்குல டயரில் நல்ல தேர்வுகளும் குறைந்துகொண்டே வருகின்றன. ஆகவே மாற்றுவது தவறு என்று சொல்ல நான் வரவில்லை. அளக்காமல் மாற்றுவதைத்தான் சொல்கிறேன். நானும் அளக்காமல் மாற்றியவன்தான்.

மூன்று வாரம் ஓடியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன்கூட நின்று பார்த்தார். நால்வர் ஏறி, ஸ்டீரிங்கை முழுதாகத் திருப்பினால் உள்ளே 'கர்' என்று ஓர் உரசல் சத்தம் வரும். அப்சோர்பர் பழசு, அதனால்தான் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு மூவாரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். கெசாங் ஆற்றுப் பாலம் தாண்டி மலாக்கா எல்லைக்குள் வந்த கொஞ்ச தூரத்தில் ஸ்டீரிங் நடுங்க ஆரம்பித்தது. அப்பா வேகத்தைக் குறைத்தார். குறைக்கக் குறைக்க நடுக்கம் கூடியது. ஓரம் கட்டி, கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தால், முன் இடது சக்கரத்தின் நான்கு நட்டில் இரண்டை விரலாலேயே திருப்ப முடிந்தது. ஒரு போல்ட்டின் மரை தேய்ந்து பளபளவென்று இருந்தது. பின்னால் செம்பனை லோரி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டே கடந்து போனது.

அப்பா எதுவும் சொல்லவில்லை. அம்மா மட்டும், "தங்கச்சி பின்னாடி தூங்கிக்கிட்டு இருக்குடா" என்றார். அதற்குமேல் என்னைத் திட்ட வேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை.

நட்டை ஏன் காலம் தவறாமல் இறுக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். இறுக்கினேன், இரண்டு முறை. இறுக்கம் பிரச்சினையே இல்லை என்பதை மறுநாள் எங்கள் ஊர்ப் பட்டறையில் ஒரு வயதான ஃபோர்மேன்தான் காட்டினார். ரிம்மைக் கழற்றி, நட் உட்காரும் குழிக்குள் என் விரலை விட்டுத் தடவச் சொன்னார். கிண்ணம்போல் வளைவாக இருந்தது. பிறகு வீராவின் நட்டைக் கையில் கொடுத்தார். அதன் முனை கூம்பு. "இது உருண்டை, அது கூம்பு. எப்படி உட்காரும்?" என்றார்.

ஹோண்டாவின் அசல் ரிம்களில் நட் உட்காரும் இடம் உருண்டை வடிவம். புரோட்டோன் நட்டின் முனை 60 பாகைக் கூம்பு. இரண்டின் மரையும் ஒன்றே: 12 மில்லிமீட்டர் தடிமன், 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளி. ஆகையால் நட் ஒழுங்காக ஏறும், இறுகும், கை அசைத்தால் அசையாது. ஆனால் கூம்பு கிண்ணத்துக்குள் ஒரு மெல்லிய வளையமாக மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். ஓட ஓட, அந்த மெல்லிய விளிம்பில் அலுமினியம் நசுங்கும். நசுங்கிய அளவுக்கு இறுக்கம் தளரும். நீங்கள் மறுபடி இறுக்குவீர்கள், அது மறுபடி நசுங்கும்.

இதில் பலருக்கும் தெரியாத ஓர் அடிப்படை இருக்கிறது. காரின் எடையை அந்த நான்கு போல்ட்டுகள் தாங்குவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் நட்டும் போல்ட்டும் செய்யும் வேலை ரிம்மின் முதுகை ஹப்பின் முகத்தோடு நெருக்கிப் பிடிப்பது. அந்த நெருக்கத்தால் வரும் உராய்வுதான் சுமையைத் தாங்குகிறது. பிடி தளர்ந்தால் ரிம் ஹப்பின்மேல் வழுக்கத் தொடங்கும். அப்போதுதான் போல்ட்டுகள் பக்கவாட்டில் வெட்டுப்படும். அவை அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. படிவம் 4 இயற்பியலில் உராய்வு விசைக்குக் கணக்குப் போட்டு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தப் பாடம் என் வீட்டு வாசலில் நின்ற காருக்கும் உரியது என்று ஒருநாளும் தோன்றவில்லை.

சரியான உருண்டை முனை நட்டுகள் பதினாறு வாங்க எனக்கு ஆன செலவு, அந்த ரிம் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

'நாலு லோபாங்கும் சமம்' என்பதற்கு வருவோம். துளைகளின் நடுப்புள்ளிகள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டத்தைத்தான் பி.சி.டி. என்கிறார்கள். வீராவுக்கு நான்கு துளை, 100 மில்லிமீட்டர். ஹோண்டா சிட்டிக்கும் அதுவே, மைவிக்கும் அதுவே. நம் நாட்டில் ஓடும் சின்னக் கார்களில் பாதிக்கு மேல் ஒன்றின் ரிம் இன்னொன்றுக்கு 'மாசோக்' ஆவதற்கு இந்த 4x100 தான் காரணம். ஆனால் ரிம்மின் நடுவில் ஒரு பெரிய துளை இருக்கிறதே, அது ஹப்பின் நடு மேட்டில் போய் உட்கார வேண்டும். வீராவின் மேடு 56.1 மில்லிமீட்டர். ஹோண்டாவின் துளையும் 56.1. அந்த வகையில் எனக்கு அதிர்ஷ்டம். மைவியின் துளை 54.1. வெறும் 2 மில்லிமீட்டர்தான். ஆனால் மைவி ரிம்மை வீராவில் வைத்தால் அது மேட்டில் ஏறாமல் வெளியிலேயே நிற்கும். நட்டைப் போட்டு இழுத்தால் உட்கார்ந்ததுபோல் தெரியலாம், ஆனால் ஹப்பின் முகத்தை ரிம் தொட்டிருக்காது.

இதற்குச் சிலர் துளையைப் பெரிதாக்குகிறார்கள். லேத் இயந்திரத்தில் மையம் பிடித்துக் கடைந்தால் அது ஒரு வேலை. கையில் கிரைண்டரை வைத்துக்கொண்டு சுற்றிலும் தேய்ப்பது வேலையல்ல. அது வட்டத்தை முட்டையாக்கும். மாறாக, ரிம்மின் துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்ப ஹப் வளையம் என்று ஒன்று விற்கிறார்கள். சில வெள்ளிதான். அதைப் போடாமல் விட்டுவிட்டு, 90-இல் போகும்போது ஸ்டீரிங் ஆடுகிறது என்று அலைன்மென்டுக்கும் பேலன்சிங்குக்கும் திரும்பத் திரும்பப் பணம் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அகலத்துக்கு வருகிறேன். டயரின் பக்கவாட்டில் 175/70 ஆர்13 என்று எழுதியிருந்தால், அகலம் 175 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 விழுக்காடு, உள்ளே 13 அங்குல ரிம். கணக்குப் போடுங்கள். பக்கச் சுவர் 122.5, மேலும் கீழும் சேர்ந்து 245, ரிம் 330.2. மொத்த உயரம் ஏறத்தாழ 575 மில்லிமீட்டர். நான் போட்ட 195/55 ஆர்15-க்கு அதே கணக்கு 595.5 தருகிறது. பழைய டயரைவிட 20 மில்லிமீட்டர் அதிகம். அப்சோர்பர்மேல் நான் போட்ட பழி இங்கே பொய்யாகிவிட்டது. உரசியதற்குக் காரணம் இந்த உயரமும் அகலமும்தான். மீட்டர் 90 காட்டும்போது கார் உண்மையில் 93-இல் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது 195/50 ஆர்15-க்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 576. அசல் டயரிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. அகலமும் கிடைக்கும், உயரமும் மாறாது. ஐந்து என்ற ஓர் இலக்கத்துக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில்தான் என் அறியாமை இருந்தது. வகுப்பில் இதைவிடக் கடினமான விழுக்காட்டுக் கணக்கை நாம் படிவம் 1-லேயே செய்திருக்கிறோம்.

அடுத்தது ஓஃப்செட். ரிம்மின் உள்பக்கம் 'ஈ.டி.' என்று ஓர் எண் வார்க்கப்பட்டிருக்கும். ரிம்மின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பைத் தொடும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கமாக இருக்கிறது என்பதே அது. இதை வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டு: 5 அங்குல அகலமும் ஈ.டி. 46-உம் உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு, 7 அங்குல அகலமும் ஈ.டி. 38-உம் உள்ள ரிம்மைப் போட்டால், சக்கரத்தின் வெளி விளிம்பு 33 மில்லிமீட்டர் வெளியே வரும். அவ்வளவு தள்ளி நிற்கும் சக்கரம், ஹப் பேரிங்கின்மேல் நெம்புகோல்போல வேலை செய்யும். பேரிங் சீக்கிரம் ஊளையிடும். குழியில் விழும்போதெல்லாம் ஸ்டீரிங் கையைப் பிடுங்கும். டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் ஜே.பி.ஜே. நிறுத்திச் சம்மன் கொடுக்கும், அது தனிச் செலவு. காப்புறுதி நிறுவனத்திடம் மாற்றத்தைச் சொல்லாமல் இருந்தால் விபத்துக்குப் பிறகு கேள்வி வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அகலமான டயர் சாலையை அதிகமாகப் பிடிக்கும் என்பது நம் நண்பர்கள் வட்டத்தில் வேதவாக்கு. பாதி உண்மை. வீராவின் எடை ஏறத்தாழ 1000 கிலோ. சக்கரத்துக்கு 250 கிலோ, அதாவது சுமார் 2450 நியூட்டன். டயரில் காற்றழுத்தம் 200 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால், விசையை அழுத்தத்தால் வகுக்க, தரையைத் தொடும் பரப்பு சுமார் 120 சதுர சென்டிமீட்டர். ஓர் அஞ்சலட்டையைவிடச் சிறியது! டயர் அகலமானாலும் காற்றழுத்தம் அதேதான் என்றால் இந்தப் பரப்பு பெரிதாக மாறாது. வடிவம்தான் மாறும். நீளவாக்கில் இருந்தது அகலவாக்கில் ஆகும். காய்ந்த சாலையில் வளைவில் திரும்பும்போது அது உதவும், டயரின் ரப்பர் நன்றாக இருந்தால். மழையில் கதை வேறு. அகலமான டயர் தன் முன்னால் இருக்கும் தண்ணீரை அதிக அகலத்துக்கு விலக்க வேண்டும், விலக்க முடியாவிட்டால் அதன்மேல் மிதக்கும். மாலை நான்கு மணிக்கு வானம் கறுத்துக் கொட்டுகிற நம் ஊரில், லோரிகள் அழுத்திப் பள்ளமாக்கிய தடங்களில் தண்ணீர் நிற்கும் சாலையில், இது புத்தக விஷயம் அல்ல.

அதிலும் ரிம்மோடு சேர்ந்து வரும் பழைய டயர். என் டயர்களில் பூ நிறைய இருந்தது, புதுசு மாதிரி. சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர் ஆழம். என்னுடையதில் அதைப்போல் மூன்று மடங்கு இருந்தது. ஆனால் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்யப்பட்டது. என் டயரில் 1114 என்று இருந்தது. நான் வாங்கியபோது அந்த ரப்பருக்கு எட்டு வயது முடிந்திருந்தது. பூ இருந்தது, உயிர் இல்லை. சுவரை வளைத்துப் பார்த்தால் முடி அளவு வெடிப்புகள். 600 வெள்ளி மலிவு என்று நினைத்தேனே, நான்கு டயரையும் மாற்றியபோது அந்த மலிவு போய்விட்டது.

யாரைக் குறை சொல்வது? கடைக்காரர் பொய் சொல்லவில்லை. 'மாசோக்' ஆகும் என்றார், ஆனது. அவர் விற்பனையாளர். அளந்து வாங்க வேண்டியவன் நான். ஆனால் இதை எனக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்றும் யோசிக்கிறேன். எங்கள் பகுதியில் இளைஞர்களுக்குத் தன்முனைப்பு முகாம்கள் நடக்கின்றன. நானும் போயிருக்கிறேன். மேடையில் ஒருவர் நின்று, "காருக்குச் செலவு செய்யாதே, கல்விக்குச் செலவு செய்" என்று முழங்குவார். நாங்கள் கை தட்டுவோம். வெளியே நிறுத்தியிருக்கும் கார்களில் பாதி ரிம் மாற்றியவை. கார் வேறு கல்வி வேறு என்று பிரித்தவர்கள் யார்? ஒரே ஒரு சனிக்கிழமை காலை, ஒரு வெர்னியர் அளவுகோலும் ஒரு டார்க் ரெஞ்சும் ஒரு பழைய ரிம்மும் வைத்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருந்தால், அந்த நாற்பது பேரில் ஒருவனாவது நடுங்கும் ஸ்டீரிங்கோடு இரவில் வீடு திரும்பாமல் இருந்திருப்பான்.

டார்க் ரெஞ்ச் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. வீரா போன்ற காரின் சக்கர நட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம் போதும். 25 சென்டிமீட்டர் நீளச் சாவியின் முனையில் 40 கிலோ எடையால் அழுத்தினால் அது வந்துவிடும். காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்' என்று அடித்துவிட்டு அனுப்பும் கடைகளில் இதைவிடப் பல மடங்கு இறுக்கிவிடுவார்கள். போல்ட் இழுபட்டு மெலியும். அடுத்த முறை பஞ்சர் ஆனால் அம்மாவால் கழற்றவும் முடியாது. துப்பாக்கியால் லேசாக ஏற்றிவிட்டுக் கையால் முடிக்கச் சொல்லிக் கேளுங்கள். முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. ரிம் மாற்றி 50, 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு முறை பாருங்கள்.

நான் இப்போது பொலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் டிப்ளோமா படிக்கிறேன். அந்தத் துறையைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த ஃபோர்மேனின் பட்டறையில் கழித்த ஒரு மணி நேரம்தான் காரணம் என்று சொன்னால் மிகையாகத் தெரியலாம். ஆனால் விண்ணப்பத்தில் முதலில் வேறு துறையைத்தான் குறித்து வைத்திருந்தேன்.

ஹோண்டா ரிம்கள் இன்னும் வீராவில்தான் இருக்கின்றன. விற்றுவிடு என்று மாமா சொன்னார். அப்பா, "நட்டை மாத்திட்டான், டயரை மாத்திட்டான், இனி எதுக்கு விக்கணும்?" என்றார். தேய்ந்த போல்ட்டையும் மற்ற மூன்றையும் புதிதாக அடித்தோம். டயர் 195/50. உரசல் இல்லை. காரின் டிக்கியில் ஒரு டார்க் ரெஞ்ச் கிடக்கிறது. அப்பா அதை இதுவரை எடுத்ததில்லை, ஆனால் நீண்ட தூரம் கிளம்பும் முன் "பாத்துட்டியா?" என்று கேட்கிறார்.

போன மாதம் பக்கத்து வீட்டு அண்ணன் தன் வீராவுக்கு ஒரு செட் மைவி ரிம் கொண்டுவந்தார். நல்ல ரிம்கள், கீறல்கூட இல்லை. "நாலு லோபாங்கும் சமம் தம்பி, நானே வச்சுப் பாத்துட்டேன்" என்றார். அளவுகோலை எடுத்து நடுத்துளையைக் காட்டினேன். 54.1. கிரைண்டர் இருக்கிறது, இரண்டு மில்லிமீட்டர்தானே என்றார். லேத் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள், கூலி கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், கட்டுப்படியாகாவிட்டால் மைவி வைத்திருக்கும் யாருக்காவது விற்றுவிடுங்கள் என்றேன். ரிம்கள் இன்னும் அவர் வீட்டு முன்வாசலில் அடுக்கியபடி இருக்கின்றன.